வீரவணக்கத்துக்குப் பிறகு

2022 ஆகஸ்ட் 13 அன்று மதுரை விமான நிலையத்துக்கு ஓர் உடல் வந்தது. ஜம்மு-காஷ்மீரின் ரஜௌரியில் தீவிரவாதிகளின் தாக்குதலை எதிர்கொண்டு உயிர்நீத்த, மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ரைபிள்மேன் லட்சுமணனின் உடல் அது. தமிழ்நாடு அரசின் சார்பில் மரியாதை செலுத்த மாநிலத்தின் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் சென்றிருந்தார். பாரதிய ஜனதா கட்சியினரும் திரண்டு நின்றிருந்தனர். யார் எந்தத் தகுதியில் மாலை வைப்பது என்று எழுந்த வாக்குவாதம், அமைச்சரின் கார் மீது செருப்பு வீசப்பட்டதில் போய் முடிந்தது. கைதுகள் நடந்தன. அக்கட்சியின் மாவட்டத் தலைவரே அன்றிரவு அமைச்சரின் வீடு தேடிச் சென்று வருத்தம் தெரிவித்துவிட்டு, கட்சியிலிருந்து விலகுவதாக அறிவித்தார்.

மறுநாள் இதைக் கட்சிச் சண்டை என்று பதிவுசெய்துவிட்டு எல்லோரும் கடந்துபோனார்கள். ஆனால் அங்கே நடந்தது ஓர் உரிமைப் போராட்டம்: இறந்த படைவீரன் யாருக்குச் சொந்தம் என்ற போராட்டம். பெற்றவளுக்கும் ஊருக்கும் நாட்டுக்கும் உரியவனைக் கட்சிக்கு உரியவனாக்க முயல்வது புதிதல்ல. தேர்தல் நெருங்க நெருங்க அந்த முயற்சி வேகம் பிடிக்கும். அது தவறு என்று நாம் கருதுகிறோம். எந்தக் கட்சி செய்தாலும் தவறு. எவ்வளவு உண்மையான தேசப்பற்றோடு செய்தாலும் தவறு.

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் கொல்லப்பட்டார்கள். தூத்துக்குடி மாவட்டத்துச் சுப்பிரமணியனும் அரியலூர் மாவட்டத்துச் சிவச்சந்திரனும் அவர்களில் இருவர். பன்னிரண்டு நாட்களில் பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்திய விமானப்படையின் தாக்குதல். அடுத்த இரண்டு வாரங்களுக்குள் மக்களவைத் தேர்தல் அறிவிப்பு. அடுத்து நடந்த மோதலில் பாகிஸ்தானிடம் பிடிபட்டு மீண்ட விமானப்படை விங் கமாண்டர் அபிநந்தனின் படம் டெல்லி சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் முகநூல் பக்கத்தில் கட்சித் தலைவர்களின் படங்களோடு சேர்ந்து வந்தது. தேர்தல் ஆணையம் தலையிட்டு அதை அகற்றச் செய்தது. உத்தரப் பிரதேச முதல்வர், இந்திய ராணுவத்தைப் பிரதமரின் சேனை என்று மேடையில் குறிப்பிட்டார். ஆணையம் அவரை எச்சரித்தது. ஏப்ரல் 9 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூரில் பேசிய பிரதமர், முதன்முறை வாக்களிக்கும் இளைஞர்கள் தம் முதல் வாக்கைப் பாலாகோட் தாக்குதலை நடத்திய வீரர்களுக்கும் புல்வாமாவில் உயிர்நீத்தவர்களுக்கும் காணிக்கையாக்கக் கூடாதா என்று கேட்டார். இந்தப் பேச்சில் விதிமீறல் இல்லை என்று ஆணையம் பெரும்பான்மை முடிவெடுத்தது. ஆணையர்களில் ஒருவரான அசோக் லவாசா உடன்படவில்லை. அவருடைய மாற்றுக் கருத்து ஆணையத்தின் உத்தரவில் இடம்பெறவும் இல்லை.

முதல்வருக்கு எச்சரிக்கை, பிரதமருக்கு விலக்கு. இந்த வேறுபாட்டுக்கு ஏற்கத்தக்க விளக்கம் எதையும் நாம் காணவில்லை.

ஆணையத்தின் கையில் வலுவான கருவி இல்லை என்பதும் உண்மையே. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு, தேசியக் கொடி, தேசியச் சின்னம் போன்றவற்றைக் காட்டி வாக்குக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. நிரூபிக்கப்பட்டால் வெற்றியே செல்லாமல் போகும். படைவீரரின் படத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2013 டிசம்பர் 4 அன்று ஆணையம் கட்சிகளுக்கு எழுதிய கடிதம் ஒன்றுதான் இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகம் முறையிட்டதன் பேரில், பிரசாரத்தில் படைவீரர்களின் படங்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளும் கடிதம் அது. 2019 மார்ச்சில் அதையே மீண்டும் அனுப்பினார்கள். அறிவுரைக் கடிதத்துக்கு அஞ்சும் கட்சி இந்த நாட்டில் உண்டா? ஆக, கொடியைப் பயன்படுத்தினால் பதவி போகும்; அந்தக் கொடி போர்த்தப்பட்டு வந்தவனைப் பயன்படுத்தினால் ஒரு கடிதம் வரும்.

இதில் இன்னொரு அநீதியும் இருக்கிறது. பணியிலிருக்கும் ராணுவ வீரர் அரசியல் கூட்டத்தில் கலந்துகொள்ளவோ கட்சிக்காகப் பேசவோ கூடாது. ராணுவச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் அதைத் தடுக்கின்றன. அது சரியான தடையே. அண்டை நாடுகள் சிலவற்றில் படைத் தளபதிகள் அரசியலுக்குள் இறங்கியபோது என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் பேசாமலிருக்கக் கடமைப்பட்ட ஒருவரின் படத்தை எடுத்துக் கட்சிக்காகப் பேசவைப்பது எந்த நியாயம்? அவரால் மறுக்க முடியாது, அறிக்கை விட முடியாது, என் படத்தை நீக்கு என்று சொல்லவும் முடியாது. பேச உரிமையுள்ள முன்னாள் வீரர்கள் பேசிப் பார்த்தார்கள். 2019 ஏப்ரலில் முன்னாள் தளபதிகள் உள்ளிட்ட 150-க்கும் மேற்பட்டோரின் பெயரில், படைகளை அரசியலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்குமாறு குடியரசுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. தங்கள் ஒப்புதல் பெறப்படவில்லை என்று அவர்களில் சிலர் மறுத்தார்கள். கடிதமே வரவில்லை என்றது குடியரசுத் தலைவர் மாளிகை. விவாதம் கையெழுத்துகளைச் சுற்றியே நின்றுவிட்டது. கடிதம் சொன்ன விஷயத்துக்குப் பதில் வரவில்லை.

ஆளும் கட்சியை மட்டும் குற்றம்சாட்டினால் நாம் பாதி உண்மையையே எழுதியவர்களாவோம். அதே தேர்தலின் நடுவில், தங்கள் ஆட்சியிலும் ஆறு முறை எல்லை தாண்டித் தாக்கியிருக்கிறோம் என்று காங்கிரஸ் பட்டியல் வெளியிட்டது. படைவீரரை வைத்து வாக்குக் கேட்காதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டிய எதிர்க்கட்சி, எங்களிடமும் இருக்கிறது என்றது. மதுரைச் சம்பவத்தில் கண்ணியத்தைப் பற்றிப் பேசிய கழகங்களும், படைவீரரின் இறுதிச் சடங்கில் முன்வரிசைக்கு முண்டியடிப்பதில் சளைத்தவை அல்ல.

இங்கே நாம் ஒரு பிரிவினரிடம் நேராகப் பேச விரும்புகிறோம்: தேசியவாதக் கட்சிக்கு வாக்களிக்கும் வலதுசாரி வாக்காளர்களிடம். அவர்களை ஏமாந்தவர்கள் என்றோ வெறியர்கள் என்றோ எழுதுவது ஒரு சாராருக்குப் பழக்கமாகிவிட்டது. அதில் நமக்கு உடன்பாடில்லை. நாட்டின் பாதுகாப்பை முதலாவதாக வைத்து, மரபையும் ஒழுங்கையும் மதித்து வாக்களிப்பது ஜனநாயகத்தில் முழுமையான நியாயம் உள்ள தேர்வு. வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையைப் போலத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பும் ஊர்களில் தேசப்பற்று மேடைப் பேச்சல்ல, வீட்டு நடப்பு. அந்த வாக்காளர்கள் வாக்குச்சாவடிக்கு வரவேண்டும், திரளாக வரவேண்டும் என்றே நாம் விரும்புகிறோம். வரும்போது ஒரு கணக்கையும் கொண்டு வரவேண்டும். ஏனெனில் எதிர்க்கட்சிக்காரர் கேட்கும் கணக்குக்கு எந்த ஆட்சியும் அசைந்து கொடுப்பதில்லை. சொந்த வாக்காளர் கேட்டால்தான் வலிக்கும்.

கணக்கின் முதல் வரி, ஒரே பதவி ஒரே ஓய்வூதியம். சிப்பாயாகச் சேர்பவர் மற்ற அரசு ஊழியரைப் போல அறுபது வயதுவரை பணியாற்றுவதில்லை. நாற்பதை ஒட்டிய வயதிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அப்போது தொடங்கும் ஓய்வூதியம்தான் மீதி வாழ்க்கைக்கு. அதே பதவி, அதே பணிக்காலம். ஆனால் பத்தாண்டு முன்னதாக ஓய்வுபெற்றார் என்ற ஒரே காரணத்தால் அவருக்குக் குறைவாகவும் பின்னால் வந்தவருக்குக் கூடுதலாகவும் கிடைப்பது நியாயமா என்பதே கேள்வி. இதை நாற்பதாண்டு காலம் எல்லா ஆட்சிகளும் கேட்டும் கேட்காததுபோல் இருந்தன. பத்தாண்டு ஆண்ட ஐக்கிய முற்போக்குக் கூட்டணி, 2014 பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட்டில் 500 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புக்கொண்டது. தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. அதற்கு முன், 2013 செப்டம்பரில், பிரதமர் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட நரேந்திர மோடி ஹரியானாவின் ரேவாரியில் முன்னாள் படைவீரர்களின் பெருங்கூட்டத்தில் இதையே எழுப்பினார். இரு தரப்புக்கும் அந்த வாக்குகளின் எடை தெரிந்திருந்தது.

வாக்குகள் விழுந்தன. ஓராண்டுக்குப் பிறகும் ஆணை வராததால் முன்னாள் வீரர்கள் 2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, போலீசார் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்த வந்தார்கள். நெஞ்சில் பதக்க வரிசையோடு நின்ற முதியவர்கள் பிடித்துத் தள்ளப்பட்டார்கள். சட்டை கிழிந்து நின்றவர்களின் படம் மறுநாள் செய்தித்தாள்களில் வந்தது. செங்கோட்டையில் கொடி ஏறும் காலையில் அந்தப் படத்தைப் பார்த்த எந்தக் குடிமகனும் அதை மறந்திருக்க முடியாது. அதே ஆண்டு செப்டம்பரில் திட்டம் அறிவிக்கப்பட்டு நவம்பரில் ஆணையானது. செய்த அரசுக்கு அந்தப் பெருமை உரியது. அதை மறுப்பது சிறுமை. ஆனால் ஆண்டுதோறும் சமன்செய்ய வேண்டும் என்ற கோரிக்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று சுருங்கியது. அந்த ஐந்தாண்டுத் திருத்தமும் 2019 ஜூலையில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதே ஆண்டின் முற்பகுதியில்தான் படைவீரர் பெயரில் வாக்குக் கேட்கப்பட்டது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 2019 ஜூலை முதல் திருத்தி, நிலுவையை மூன்று மாதத்தில் தரச் சொன்னது. அரசு அவகாசம் கேட்டது, மறுபடியும் கேட்டது. பிறகு 2023 ஜனவரியில், நிலுவையை நான்கு தவணையாகத் தருவோம் என்று அமைச்சகம் தானாகவே சுற்றறிக்கை விட்டது. சட்டத்தைக் கையில் எடுக்க முடியாது என்று நீதிமன்றம் கண்டித்தது; அடுத்து, மூடிய உறையில் அரசு நீட்டிய குறிப்பைத் தலைமை நீதிபதி வாங்க மறுத்தார். குடும்ப ஓய்வூதியம் பெறுவோருக்கும் வீரப் பதக்கம் பெற்றோருக்கும் முதலில், எழுபது வயது கடந்தோருக்கு அடுத்து, மற்றவர்களுக்கு 2024 பிப்ரவரிக்குள் என்று தேதி குறித்துக் கொடுத்ததும் நீதிமன்றமே. வணக்கம் சொல்வதற்கு எந்த நீதிமன்றமும் அரசுக்குத் தேதி குறிக்க வேண்டியிருந்ததில்லை.

கணக்கின் அடுத்த வரி ஒரு விதவையைப் பற்றியது. 2013 ஜனவரியில், கட்டுப்பாட்டு எல்லைக் கோட்டருகே கடுங்குளிரில் ரோந்து சென்ற வீரர் ஒருவர் மூச்சுத்திணறி இறந்தார். போரில் நேர்ந்த இழப்பு என்று முதலில் வகைப்படுத்திய ராணுவம், பிறகு அதை உடல்நலக் குறைவால் நேர்ந்த இழப்பு என்று மாற்றியது. அந்த மாற்றத்தால் அவர் மனைவிக்குக் கிடைக்க வேண்டிய தாராளக் குடும்ப ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அவர் படைகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போனார், 2019-இல் வென்றார். அரசு அத்துடன் விட்டிருக்கலாம். விடவில்லை. உச்ச நீதிமன்றம்வரை அந்தப் பெண்ணை இழுத்தது. 2024 டிசம்பரில் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த நீதிமன்றம், அவரை இங்குவரை இழுத்திருக்கவே கூடாது என்று கூறி, அவருக்கு 50,000 ரூபாய் வழக்குச் செலவு தர உத்தரவிட்டது. கணவன் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. இது ஒற்றை வழக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஊனமுற்ற வீரர்களின் ஓய்வூதியத்தை எதிர்த்து அமைச்சகம் மேல்முறையீடு செய்வது வழக்கமாகிப்போனதால்தான், அந்த வழக்குகளைக் குறைக்க வழிதேடி மனோகர் பாரிக்கரே பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது நிபுணர் குழு ஒன்றை அமைத்தார். குழு பரிந்துரைத்தது. வழக்குகள் தொடர்கின்றன.

மேலும் ஒன்று: புல்வாமாவில் இறந்த நாற்பது பேரும் ராணுவத்தினர் அல்லர். மத்திய ரிசர்வ் போலீஸ் படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. 2004 ஜனவரி 1-க்குப் பிறகு அதில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் கிடையாது. ஒரே பதவி ஒரே ஓய்வூதியமும் இல்லை. ஓய்வுபெற்றால் முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. பழைய ஓய்வூதியம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னபோது, மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்று தடை வாங்கியது. நிதிச்சுமை பற்றிய வாதம் அரசுக்கு இருக்கலாம்; அதை நாம் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் எந்தப் படையின் சாவை முன்னிறுத்தி வாக்குக் கேட்கப்பட்டதோ, அந்தப் படையின் ஓய்வூதியத்துக்கு எதிராகவே வழக்காடுகிறவர்களுக்கு அந்தச் சாவைப் பற்றிப் பேசும் தார்மீக உரிமை இல்லை. இதை நாம் தயக்கமின்றிச் சொல்கிறோம்.

பெரிய வழக்குகளை விடுங்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாள். மாவட்ட ஆட்சியர் முதல் தொகையை உண்டியலில் போட்டு வசூலைத் தொடங்கிவைப்பார். சட்டையில் சின்னக் கொடி குத்தப்படும். தேநீர் விருந்தும் உண்டு. அதே வளாகத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பெஞ்சில் மற்ற நாட்களில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் வேறு கதை. கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மாறியிருக்கும். அதைச் சரிசெய்ய ரெக்கார்டு ஆபீசுக்கு ஒரு கடிதம்; அங்கிருந்து பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு இன்னொன்று; திருத்திய ஓய்வூதிய ஆணை (பி.பி.ஓ.) வரும்வரை காத்திருப்பு. இப்போது எல்லாம் ‘ஸ்பர்ஷ்’ என்னும் இணையதளத்துக்கு மாறிவிட்டது. மாறிய வேகத்தில், 2022 ஏப்ரல் மாத ஓய்வூதியம் 58,000-க்கும் மேற்பட்டோருக்கு வரவில்லை. வருடாந்தர உயிர்ச்சான்று பதிவாகவில்லை என்பது காரணம். நாடெங்கும் கூக்குரல் எழுந்த பிறகே அவகாசம் தந்து பணத்தை விடுவித்தார்கள். எண்பது வயது மூதாட்டி, உயிரோடிருப்பதைக் கைரேகை எந்திரத்தில் நிரூபிக்க வேண்டும். தேய்ந்த ரேகை பதியாது. முன்னாள் நாயக் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து நான்கு பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பார். கொடிநாளுக்கு வரும் அரசியல்வாதியை அந்தப் பெஞ்சருகே அபூர்வமாகவே காணலாம்.

பணத்தைவிடக் கேவலமான ஒன்றையும் இந்த நாடு 2025-இல் பார்த்தது. ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பெஹல்காமில் தீவிரவாதிகளால் கொல்லப்பட்டவர்களில் ஓர் இளம் கடற்படை அதிகாரியும் இருந்தார். மணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நீதி வேண்டும், ஆனால் அதற்காக முஸ்லிம்களையோ காஷ்மீரிகளையோ வெறுக்காதீர்கள் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டார். அந்த ஒரு வேண்டுகோளுக்காக, முந்தின நாள்வரை அவர் படத்தைப் பகிர்ந்து அழுதவர்களே சமூக ஊடகங்களில் அவரைக் கொச்சைப்படுத்தினார்கள். தேசிய மகளிர் ஆணையம் தலையிட்டுக் கண்டிக்கும் அளவுக்கு. மே மாதம், அந்தத் தாக்குதலுக்குப் பதிலடியான ‘ஆபரேஷன் சிந்தூர்’ பற்றி நாட்டுக்கு விளக்கிய கர்னல் சோஃபியா குரேஷியை, பயங்கரவாதிகளோடு உறவுபடுத்திப் பேசினார் மத்தியப் பிரதேச அமைச்சர் விஜய் ஷா. உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்குப் பதியச் சொன்னது. அவருடைய மன்னிப்பை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவருடைய முதல்வரோ, கட்சித் தலைமையோ அவரை உடனே பதவியிலிருந்து இறக்கவும் இல்லை. கட்சி விரும்பும் வகையில் பேசும்வரைதான் படைவீரரின் குடும்பத்துக்கு மரியாதை, கட்சிக்குப் பிடித்த பெயர் உள்ளவரைதான் சீருடைக்கு மரியாதை என்றால், அதைத் தேசப்பற்று என்று அழைப்பதை நிறுத்திவிடலாம்.

செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. கொடிக்குத் தரப்பட்டிருக்கும் சட்டப் பாதுகாப்பைப் படைவீரரின் படத்துக்கும் பெயருக்கும் நாடாளுமன்றம் தரவேண்டும்; ஒரு சிறு திருத்தம் போதும். அதுவரை தேர்தல் ஆணையம் தன் அறிவுரையைப் பிரதமரில் தொடங்கி வார்டு வேட்பாளர்வரை ஒரே அளவில் பயன்படுத்தட்டும். தீர்ப்பாயத்தில் வென்ற விதவைகளுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் எதிரான மேல்முறையீடுகளை, சட்டப் பிரச்சினை உண்மையிலேயே இருந்தாலன்றி, பாதுகாப்பு அமைச்சகம் திரும்பப்பெறட்டும். இறுதிச் சடங்கில் குடும்பத்தாரும் படைப்பிரிவும் மாவட்ட நிர்வாகமும் முன்னே நிற்க, கட்சிக்காரர்கள் கொடியில்லாமல் பின்னே நிற்க வேண்டும் என்ற ஒழுங்கைத் தமிழ்நாடு அரசு இப்போதே ஆணையாக்கலாம். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

அடுத்த சோதனை வாசலில் நிற்கிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் அணியினரின் நான்காண்டு, 2026-இன் இறுதியில் நிறைவடையத் தொடங்குகிறது. நான்கில் ஒருவர்வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படலாம். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்புவார்கள். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை. படையை இளமையாக்கும் சீர்திருத்தம் என்கிறது அரசு. அந்த வாதத்தை நாம் ஒரேயடியாகத் தள்ளவில்லை. ஆனால் அதே பனியில், அதே காவல் அரணில் நின்று திரும்பும் இருபத்து மூன்று வயது இளைஞனைச் சட்டம் எந்தப் பெயரில் அழைக்கப்போகிறது? ராணுவ மருத்துவமனையில் அவனுக்கு இடம் உண்டா? மாநில அரசு வேலையில் முன்னாள் படைவீரர் இடஒதுக்கீட்டில் அவன் விண்ணப்பிக்கலாமா? படைவீரரின் படம் போட்ட துண்டறிக்கையோடு வரும் வேட்பாளரிடம், அவர் எந்தக் கட்சியானாலும், இந்த மூன்று கேள்விக்கும் பதில் வாங்கிக்கொண்ட பிறகு தேசப்பற்றுள்ள வாக்காளர் தம் முடிவை எடுக்கட்டும்.